பழைய கணினியில் கட்டற்ற இயக்குதளம் நிறுவுதல்

பழைய கணினியில் கட்டற்ற இயக்குதளம் நிறுவுதல் என்பது, தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துபோன இயக்குதளத்தைக் கொண்ட கணினியில், அதற்கு மாற்றாகக் கட்டற்ற இயக்குதளம் ஒன்றைப் பதிந்து அக்கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தும் நடைமுறை ஆகும். லினக்ஸ் கருனியை அடிப்படையாகக் கொண்ட டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலிய வழங்கல்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. இந்தியாவில் உருவாக்கப்பட்ட பாஸ் லினக்ஸும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பின்னணி

கணினி பயனற்றுப் போவதற்கு வன்பொருள் பழுது மட்டுமே காரணம் அன்று. இயக்குதளத்துக்கான பாதுகாப்பு இற்றைகள் நின்றுவிட்டால், நன்றாக இயங்கும் கணினியையும் இணையத்தில் இணைப்பது ஆபத்தாகிவிடும். 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 10 இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும் புதிய தலைமுறைச் செயலியையும் வேண்டுவதால் பல கணினிகள் அதற்கு மாற இயலவில்லை. இவ்வாறு ஒதுக்கப்படும் கணினிகள் மின்னணுக் கழிவாகின்றன. அவற்றின் மின்சுற்றுப் பலகைகளிலும் பழைய படக்குழாய்த் திரைகளிலும் ஈயம் போன்ற நச்சுப் பொருட்கள் உள்ளன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006–2007 ஆம் ஆண்டுகளில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதற்பதிப்பு 2007 சனவரியில் வெளியானது. 2011 இல் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது.

விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த 2014 ஏப்ரலில், பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. பழைய அரசுக் கணினிகளுக்குக் கட்டற்ற இயக்குதளத்தை மாற்றாக முன்வைத்த குறிப்பிடத்தக்க முயற்சி இது.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இத்தொழிற்பகுதியில் மின்னணுப் பொருட்களும் வாகனங்களும் உற்பத்தியாகின்றன. நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இங்கு இயங்கியது. டெல் நிறுவனம் 2007 இல் திருப்பெரும்புதூரில் கணினி உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் பரவலாகப் பயன்பட்ட இன்டெல் கோர் 2 டுவோ செயலிகள் அனைத்தும் 64-பிட்டு வகையின. எனவே அக்காலத்துக் கணினி இன்றும் பழுதின்றி இருந்து, போதிய நினைவகமும் கொண்டிருந்தால், அதில் தற்கால லினக்ஸ் வழங்கலை நிறுவ இயலும்.

ஆலைகளில் உற்பத்தி இயந்திரத்துடன் இணைந்த கணினிகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருள் பெரும்பாலும் குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்பில் மட்டுமே இயங்கும். அத்தகைய கணினியின் இயக்குதளத்தை மாற்றினால் இயந்திரமே நின்றுவிடக்கூடும். ஆகவே அதனை மாற்றாமல் வலையமைப்பிலிருந்து பிரித்து வைப்பதே பாதுகாப்பானது.

வழங்கலைத் தெரிவு செய்தல்

செயலியின் வகையும் நினைவகத்தின் அளவுமே தெரிவைத் தீர்மானிக்கின்றன.

* நினைவகம் 4 கிகாபைட்டும் அதற்கு மேலும், 64-பிட்டுச் செயலி: லினக்ஸ் மின்ட், டெபியன், பாஸ் லினக்ஸ் முதலியன.
* நினைவகம் 2 கிகாபைட், 64-பிட்டுச் செயலி: எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய பணிச்சூழல் கொண்ட வழங்கல்கள். லுபுண்டு இதற்கு எடுத்துக்காட்டு.
* நினைவகம் 1 கிகாபைட்டும் அதற்குக் கீழும், அல்லது 32-பிட்டுச் செயலி: ஆன்டிஎக்ஸ் போன்ற மிகச் சிறிய வழங்கல்கள்.

2008 இல் வெளிவந்த இன்டெல் ஆட்டம் என்270 செயலி 32-பிட்டு வகையினது. எனவே ஆண்டை மட்டும் கொண்டு செயலியின் வகையை முடிவு செய்யலாகாது.

நிறுவும் முறை

1. வன்தட்டில் உள்ள ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவினால் பழைய கோப்புகளை மீட்பது அரிது.
2. வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து வட்டுப் படிமத்தைத் தரவிறக்கி, தளத்தில் தரப்பட்ட சரிபார்ப்புத் தொகையுடன் ஒப்பிட வேண்டும்.
3. படிமத்தை யுஎஸ்பி விரலியில் அதற்குரிய மென்பொருளால் எழுத வேண்டும். கோப்பாக நகலெடுத்தால் போதாது. யுஎஸ்பியிலிருந்து தொடங்க இயலாத மிகப் பழைய கணினிகளுக்கு இறுவட்டு தேவைப்படும்.
4. கணினியை இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலைத் திறந்து விரலியைத் தெரிவு செய்ய வேண்டும். இதற்கான விசை தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். டெல் கணினிகளில் பெரும்பாலும் எப்12 விசை பயன்படும்.
5. நிறுவும் முன், விரலியிலிருந்தே இயக்குதளத்தை ஓட்டி, கம்பியில்லா இணையம், ஒலி, திரை ஆகியவை வேலை செய்கின்றனவா எனப் பார்க்கலாம். இந்நிலையில் வன்தட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை.
6. வன்தட்டைப் பிரிக்கும்போது பயனர் கோப்புகளுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கினால், பின்னாளில் இயக்குதளத்தை மட்டும் மீண்டும் நிறுவலாம். நினைவகம் குறைந்த கணினிகளில் இடமாற்று நினைவகத்துக்கும் இடம் விடுதல் நன்று.
7. நிறுவி முடிந்ததும் விரலியை அகற்றி மறுதொடக்கம் செய்து, பாதுகாப்பு இற்றைகளைப் பெற வேண்டும்.

டெபியனின் வரைகலை நிறுவி தமிழிலும் கிடைக்கிறது. நிறுவிய பின் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தலாம்.

பொதுவான சிக்கல்கள்

சில கம்பியில்லா இணைய அட்டைகளுக்குக் கட்டற்றதல்லாத நிலைப்பொருள் தேவைப்படும். 2023 இல் வெளிவந்த டெபியன் 12 முதல் இது அதிகாரப்பூர்வப் படிமத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் கணினியின் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். இயக்குதளத்தில் பிழை எனத் தோன்றும் இச்சிக்கல், மின்கலத்தை மாற்றித் தேதியைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும். பழைய சுழல் வன்தட்டுக்கு மாற்றாகத் திடநிலை வட்டு பொருத்தினால் வேகம் வெகுவாகக் கூடும்.

வரம்புகள்

கட்டற்ற இயக்குதளங்களும் எல்லாப் பழைய கணினிகளையும் என்றென்றும் ஆதரிப்பதில்லை. உபுண்டு 2019 இல் தன் புதிய பதிப்புகளில் 32-பிட்டுக் கணினிகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. 2025 ஆகத்தில் வெளிவந்த டெபியன் 13 இல் அவற்றுக்கான நிறுவி இல்லை. தற்கால இணைய உலாவிகள் மிகுந்த நினைவகத்தை எடுத்துக்கொள்வதால், 1 கிகாபைட்டுக் கணினியில் எழுத்துப்பணி எளிதாக நடந்தாலும் இணைய உலாவல் மெதுவாகவே நடக்கும். டேலி போன்ற கணக்கியல் மென்பொருட்கள் லினக்ஸுக்கென வெளியிடப்படவில்லை. ஆகவே கணினியில் அன்றாடம் நடக்கவேண்டிய பணிகளைப் பட்டியலிட்டு, அவை புதிய இயக்குதளத்தில் நடக்குமா எனத் தெளிந்த பின்னரே மாறுதல் வேண்டும்.