முத்திரையில்லா வளையம் யாருடையது?

முதல் உலகப் போரின் களங்களாயிருந்த பெல்ஜியத்தின் ஈப்பர் பகுதியிலும் பிரான்ஸின் சோம் சமவெளியிலும் உழவர்களின் கலப்பையில் இன்றும் பீரங்கிக் குண்டுகள் சிக்குகின்றன. 'இரும்பு அறுவடை' என்றே அங்கு அதற்குப் பெயர். அவற்றுள் இனங்காணக் கடினமானவை, குண்டின் மூக்கில் திருகப்படும் ஃபியூஸின் உதிரிப் பாகங்கள். (வீட்டு மின்பெட்டி ஃபியூஸுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு, குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இது.)

பாகங்களில் குறியில்லாமற் போனதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. 1915-இல் பிரிட்டனில் குண்டுப் பற்றாக்குறை அரசியல் நெருக்கடியாகவே வெடித்தது. லாயிட் ஜார்ஜின் தலைமையில் புதிய வெடிபொருள் அமைச்சகம் உருவானது. ஆயுதமே செய்தறியாத பட்டறைகளுக்கும் வேலை பிரித்தளிக்கப்பட்டது. ஃபியூஸின் எண்ணும், தயாரிப்பாளர் குறியும், தேதியும் பெரும்பாலும் வெளியுடலில்தான் பொறிக்கப்பட்டன. உள்ளிருக்கும் சுருள்வில்லிலும் ஊசியிலும் அவற்றைத் தேடிப் பயனில்லை. மேலே பொறித்ததையும் நூறாண்டு ஈரமண் அரித்துவிட்டது.

ஆகவே பொருளையும் அளவையும் கொண்டே துப்புத் துலக்க வேண்டும். பிரிட்டனின் 80-ஆம் எண் ஃபியூஸில் நேரத்தைக் குறிக்கும் வளையம் 22 வரை பிரிக்கப்பட்டிருக்கும். போரின் தொடக்ககால ஜெர்மானியக் களப் பீரங்கி ஃபியூஸ்களிலோ அளவுகள் மீட்டரில் தூரத்தைக் காட்டும். பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியின் நேர ஃபியூஸில் திருப்பும் வளையமே கிடையாது. வெடிமருந்து நிரம்பிய ஈயக் குழல் திருகுசுருளாய்ச் சுற்றியிருக்கும், அதை உரிய இடத்தில் துளையிட்டே நேரம் குறித்தார்கள். துளைவரிசையுள்ள கூம்பு கிடைத்தால் அது பிரெஞ்சுடையது என ஊகிக்கலாம். மெல்லிய உலோக நாடாவும் அதன் நுனியில் சிறு எடையும் கிடைத்தால், பறக்கும்போது நாடா அவிழ்ந்து இயங்கும் பிரிட்டனின் 106-ஆம் எண் ஃபியூஸை நினைக்கலாம். உடல் துத்தநாகத்தாலோ இரும்பாலோ ஆனதென்றால், கடல் முற்றுகையால் செம்பு அருகிய ஜெர்மனியை ஐயுறலாம். தாதுப் பற்றாக்குறையின் வரலாற்றை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வடிவத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 80-ஆம் எண் ஃபியூஸின் மூல வடிவம் ஜெர்மனியின் குரூப் நிறுவனத்துடையது. 1902 உடன்பாட்டின்படி, ஒரு ஃபியூஸுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் உரிமத்தொகை என்ற கணக்கில் பிரிட்டனின் விக்கர்ஸ் அதைத் தயாரித்தது. தன் நாட்டு வீரர்கள் மீது விழுந்த குண்டுகளின் ஃபியூஸ்களுக்கு குரூப் போருக்குப்பின் உரிமத்தொகை கேட்டது. 1926-இல் 40,000 பவுண்டில் வழக்கு முடிந்தது. இரு தரப்பு வளையங்களும் உடன்பிறந்தவை போலிருப்பதில் வியப்பில்லை. அளவுக்கோடுகளை எண்ணிய பிறகே நாட்டைச் சொல்ல வேண்டும்.

பழம்பொருள் சேகரிப்போர் இத்தகைய துண்டுகளைக் கழற்றியும் கழுவியும் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. வளையத்தின் உட்பள்ளத்தில் கருமருந்தும், மோதலில் வெடிக்கும் சிமிழில் எளிதில் தீப்பற்றும் சேர்மமும் எஞ்சியிருக்கலாம். தொடாமல் படமெடுத்து, வெடிகுண்டு அகற்றுவோரை அழைப்பதே முறை. பெல்ஜியத்தில் பூல்காப்பெல் ராணுவப் பிரிவு, நச்சுவாயுக் குண்டோ என ஐயுறும்போது எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து உள்ளே திரவம் ததும்புகிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த வேலையில் இறங்குகிறது.