சுமைக்கு எங்கே இடம்?

சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற மல்லசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், முதல் கேள்வி அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதுதான். விசைத்தறியும் வெள்ளாமையும் கலந்த ஊர்கள் இவை. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் ஏறிப் போகத் தயாரான மொபெட் அது. இந்த வட்டாரத்துக்காரர்கள் அதைச் சுமை வண்டியாக்கிக்கொண்டார்கள். சீட்டுக்கு முன்னால் ஒரு நூல் மூட்டை, பின் கேரியரில் இன்னொன்று. விடியற்காலை என்றால் இரண்டு பக்கமும் பால் கேன். பிற்பாடு கம்பெனியே ‘எக்ஸ்எல் ஹெவி டியூட்டி’ என்று பெயர் வைத்து விற்றது. ஓட்டுகிறவர்கள் காட்டிய வழியில் வடிவமும் பெயரும் வந்த காலம் அது.

மின்சார வண்டியின் கதை அப்படி நடக்கவில்லை.

இந்த ஊர்கள் அடங்கிய கொங்கு நாட்டுக்கு மோட்டார் புதிதல்ல. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். கிணற்று மோட்டாரும் தறி மோட்டாரும் கருகினால் காயில் கட்டித்தரும் கடைகள் இந்தப் பக்கம் எங்கும் உண்டு. ஆனாலும் 1993இல் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் அமரும் மின்சாரக் கார் அறிமுகமானபோது அது எடுபடவில்லை. எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து, கேரளத்துச் சாலக்குடியிலும் கோவையிலும் தயாரித்த கார் அது. கனமான ஈய-அமில பேட்டரி. ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான்.

அடுத்து வந்த மின்சார இருசக்கர வண்டிகளின் உடம்பை வரைந்தது மோட்டார் வாகன விதி என்றே சொல்ல வேண்டும். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் சேராது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். அந்த வரம்புக்குள்ளேயே வண்டி செய்து விற்கப் பலர் கிளம்பினார்கள். ஹேமா அண்ணாமலை 2008இல் கோவையில் தொடங்கிய ஆம்பியர் நிறுவனமும் இப்படிக் குறைந்த வேக வண்டிகளோடுதான் வளர்ந்தது. பள்ளிக்கும் கடைக்கும் போக அது போதும். இரண்டு மூட்டையோடு மேடு ஏற 250 வாட் எந்த மூலைக்கு?

2019இல் வந்த, மின்வாகன மானியத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. மானியம் வேண்டுமானால் ஒரு சார்ஜில் குறைந்தது 80 கிலோமீட்டர் ஓட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகம் வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 7 யூனிட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்றது அது. ஈய-அமில பேட்டரிக்கு இடமே இருக்கவில்லை. சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் ஓசூருக்கு வந்தது. போச்சம்பள்ளியில் ஓலா ஆலை எழுந்தது. 1965 வரை இந்த இரண்டு ஊர்களும் மல்லசமுத்திரத்தோடு ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தவை. ஆனாலும் அங்கிருந்து வந்த வண்டிகளின் விளம்பரத்தில் வேகமும் தொடுதிரையும் நிறமும் முன்னால் நின்றன. பால் கேனை எங்கே மாட்டுவது என்பது யார் பேச்சிலும் இல்லை.

பாதுகாப்பு விதி இறுகியதோ உயிர்கள் போன பிறகுதான். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டியில் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. ஏஐஎஸ் 156 என்ற பேட்டரித் தரவிதி அந்த ஆண்டு டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டது. முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை.

சிக்கனத்தில் மின்சார வண்டியை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் உண்டு. அதில் முக்கால் பங்கு போல எஞ்சினில் வெப்பமாகவே வீணாகிறது. மின்மோட்டாரில் இழப்பு மிகக் குறைவு. சாதாரண மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டர் போல ஓடும். இந்தக் கணக்கு மல்லசமுத்திரத்துத் தறிக்காரருக்கும் உதவ வேண்டும். நூல் மூட்டை ஏற்றினால் அந்த 30 எவ்வளவு குறையும் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பேட்டரியும் கன்ட்ரோலரும் மூடி ஒட்டிய பெட்டிகளாக வருவதால், பழுதானால் காயில் கட்டுகிறவரும் கைவிரிக்கிறார்.

இனி மானியமோ வரிச்சலுகையோ கொடுக்கும்போது அரசு இரண்டு நிபந்தனை வைக்கட்டும்: முழுச் சுமையோடு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை வண்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும், உள்ளூர் மெக்கானிக்குக்குப் பயிற்சியும் உதிரிபாகமும் கிடைக்க வேண்டும்.