அணைக்குக் கீழே ஒரு ஜென்செட்

பெட்ரோல் ஜென்செட் என்றால் கரண்டு எட்டாத ஊரின் சாமான் என்றுதான் பொதுவாக நினைப்போம். லெம்பா பெர்த்தாமில் அது வேறு மாதிரி. கரண்டு தயாரிக்கத் தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கும் அணைக்கு நேர் கீழே இருக்கிற ஊர் அது. அங்கேயும் காய்கறிக் கொட்டகைக்குக் கொட்டகை ஒரு ஜென்செட் உண்டு.

அணையின் பெயர் சுல்தான் அபு பாக்கார். ரிங்லெட்டில், பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1963இல் கட்டி முடித்தார்கள். உயரம் சுமார் 40 மீட்டர். வடக்கே ஓடும் தெலோம் ஆற்றுத் தண்ணீரையும் சுரங்கம் போட்டு பெர்த்தாமுக்குள் திருப்பினார்கள். சேர்ந்த தண்ணீரை இன்னொரு சுரங்கம் மலையைத் துளைத்துக்கொண்டு பேராக் பக்கம் கொண்டுபோகிறது. அங்கே ஜோரில், பூமிக்கு அடியில் இருக்கிற நிலையம் 100 மெகாவாட் எடுக்கிறது. பகாங்கில் பெய்த மழை பேராக்கில் மின்சாரமாகிறது. அணைக்குக் கீழே பெர்த்தாமுக்கு மிஞ்சியது ஒல்லியான ஓர் ஆறு.

ஆறு ஒல்லியானால் மனுசன் கரையைவிட்டு இறங்கி வருவான். முதலில் நாலு பாத்தி கோசு, பிறகு பிளாஸ்டிக் கூரை, பிறகு மருந்துக் கொட்டகை, கடைசியில் வீடு. ஐம்பது வருசம் பெரிதாகப் பொங்காத ஆற்றை யார் ஆறாக நினைப்பார்கள்? இதை ஆக்கிரமிப்பு என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். ஆற்றைச் சுருக்கியதில் அணைக்கும் பங்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சின்ன ஜென்செட்டின் வரலாறும் கிட்டத்தட்ட அந்த அணையின் வயசுதான். ஹோண்டா கம்பெனி இ300 என்ற கையில் தூக்கும் ஜெனரேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1965இல். 300 வாட். ஜோர் நிலையத்தோடு ஒப்பிட்டால் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு அதில் வேறொரு கணக்கு இருந்தது. பல தோட்டங்களில் லயத்துக்கு வெளிச்சம் வந்தது தோட்டத்து டீசல் இஞ்சினிலிருந்து. ராத்திரி குறிப்பிட்ட மணி அடித்ததும் இஞ்சின் நிற்கும், லயம் இருளும். சுவிட்சு நிர்வாகத்தின் கையில். தோட்டத்தைவிட்டு வெளியே வந்து சொந்தமாகக் காய்கறியோ பூவோ போட்டவனுக்கு, கயிற்றை இழுத்தால் எரிகிற பல்பு என்பது சின்ன விசயமில்லை. சாமந்திக்கு ராத்திரியில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டித்தால்தான் காம்பு நீளும், மொட்டு தள்ளிப்போகும். மருந்து பம்பு, பிரிஞ்சாங் பசார் மாலாம் கடை, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதான்.

2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். விடாத மழையில் நீர்த்தேக்கம் நிரம்ப, அணையின் கதவுகளைத் திறந்தார்கள். பெர்த்தாம் ஆறு தன் பழைய அகலத்தை ஒரே இரவில் திரும்ப எடுத்துக்கொண்டது. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். சுமார் 80 வீடுகள், 100 வண்டிகள் சேதம் என்று செய்திகள் வந்தன. அணையைக் காப்பாற்ற நடைமுறைப்படிதான் திறந்தோம் என்றது தெனாகா. எங்களுக்கு முறையான எச்சரிக்கை வரவில்லை என்றார்கள் குடியிருப்பவர்கள். இந்தச் சண்டையில் ஜென்செட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசவும் மாட்டார்கள். ஆனால் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த ஒரு ஜென்செட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த இரவின் காரணம் உள்ளேயே இருக்கும்.

முங்கிய ஜென்செட்டில் முதல் விதி, கயிற்றைத் தொடாதே. மெக்கானிக் அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "இழுத்துப் பாக்கணும்னு கை அரிக்கும் தம்பி. இழுத்த, மணல நீயே உள்ள அரைச்சு வுட்ட." சரியான பேச்சு. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே ஏறாது. காற்றைப் போல தண்ணீர் அமுங்காது. கைக்கயிறு என்றால் அடைத்து நிற்கும். பேட்டரி ஸ்டார்ட்டர் என்றால் கனெக்டிங் ராடு வளையவும் கூடும். தண்ணீரோடு மண் இருந்தால் சிலிண்டர் சுவர் கீறிப்போகும். ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிறகு மெல்ல மெல்லச் சுற்றினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்.

பிறகு கறுப்பெண்ணெய். தண்ணீர் கலந்த எண்ணெய் தே தாரே நிறத்தில் இறங்கும். ஒரு தடவை மாற்றினால் போதாது. புது எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிசம் ஓட்டி, மறுபடி இறக்கி, நிறம் தெளிகிறவரை மாற்ற வேண்டும். டேங்கையும் முழுசாகக் காலி பண்ண வேண்டும். பெட்ரோல் மிதக்கும், தண்ணீர் அடியில் உட்கார்ந்திருக்கும், குழாயும் அடியில்தான் இருக்கிறது.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றும்போதுதான் பெர்த்தாமின் மண் முகம் காட்டும். கேமரன் மலையின் பெரும்பகுதி கருங்கல். அது மக்கினால் இரண்டாகப் பிரியும்: பளபளக்கும் மணல், வெண்மையான களி. மணல் தேய்க்கும், களி அடைக்கும். எரிபொருள் போகும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. களி அதில் காய்ந்துவிட்டால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும்.

கரண்டு எடுக்கும் பாதிக்கு இன்னும் பொறுமை வேண்டும். சேறு படிந்த காயிலை அப்படியே காயவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் நல்ல தண்ணீரில் களி போகக் கழுவ வேண்டும். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். ஆனால் காய்ந்த களி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவிய பிறகு காயவைப்பது. கேமரனில் அக்டோபர், நவம்பர் மாசம் வெயிலை நம்ப முடியுமா? கீழே ஈப்போவில் இரண்டு நாளில் காய்வது இங்கே மூடுபனியில் ஒரு வாரம் இழுக்கும். பொறுமை கெட்டு அனல் துப்பாக்கியைப் பிடித்தால் வார்னிஷ் போய்விடும்.

ஈரத்தை எடுப்பதில் தேயிலைக்காரர்களைவிட விவரம் தெரிந்தவர்கள் யார்? பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆலையைவிட்டு வெளியே வரும் தூளில் சுமார் 3 சதவீதம். அதில் முதல் கட்டத்தை நெருப்பில் செய்வதில்லை. வாட்டும் தொட்டியில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து மிதமான காற்றைப் பல மணி நேரம் விடுகிறார்கள். காயிலுக்கும் அதே வைத்தியம்தான். ஒரு பெட்டி, கீழே பழைய பல்பு, மேலே ஈரக்காற்று போக வழி. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இது மெகர் அட்டவணையாக வந்தது: ஏவிஆரையும் டையோடையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் அளந்தால், காப்பு 5 மெகாஓமுக்குமேல் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அளவு குறைத்துக் காட்டும் என்பதால் ஆறவிட்டு அளக்க வேண்டும். எல்லாம் சரியாகி இஞ்சின் ஓடியும் கரண்டு வராவிட்டால், இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் செத்திருக்கலாம். பிரஷ் உள்ள வகையில் ஏவிஆர் இணைப்பைப் பிரித்து, 12 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுக் காந்தத்தை எழுப்புவார்கள்.

இனி அந்தக் கிண்ணத்து மண்ணுக்கு வருகிறேன். ரிங்லெட் நீர்த்தேக்கம் கிட்டத்தட்ட 80 வருசம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அடியில் மண் சேர்வதற்கென்றே ஒரு கொள்ளளவை ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கு, மேலே காடு காடாகவே இருக்கும் என்று நம்பிப் போட்டது. மலைச்சரிவுகளைத் தோட்டத்துக்கும் ஓட்டலுக்கும் வழித்தெடுத்த பிறகு மண் பல மடங்கு வேகத்தில் இறங்கியது. ஒதுக்கிய இடம் பல பத்தாண்டுகள் முன்னதாகவே நிரம்பி, தெனாகா தூர்வாரிக்கொண்டே இருக்கிறது. மண் நிறைந்த தேக்கத்தில் தண்ணீருக்கு இடமில்லை. பெருமழையைத் தாங்கி மெதுவாக விட வழியில்லை. கதவைத் திறப்பதுதான் மிச்சம். ஆக, மேட்டில் ஒருவர் வெட்டிய சரிவு, ஆற்றோரம் இன்னொருவரின் ஜெட்டுக்குள் வந்து அடைத்துக்கொள்கிறது. வெட்டியவரும் முங்கியவரும் சில சமயம் ஒரே சந்தைக்குக் கோசு அனுப்புகிறவர்கள்தான். வெட்ட அனுமதி கொடுத்த அலுவலகங்கள் மட்டும் மேட்டிலேயே இருந்தன.

தண்ணீர் ஏறாத இடத்தில் இஞ்சினை வைப்பது பெரிய நிறுவனங்களுக்கே கைவராத பாடம். 2011 மார்ச் 11 சுனாமியில் புக்குஷிமா டாயிச்சி அணு நிலையத்தின் 13 அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தில் இருந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் செயலிழந்தன. மிஞ்சியது ஆறாம் உலையின் காற்றால் குளிரும் இஞ்சின். அது மேலான இடத்தில் இருந்தது.

2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பக்கம் மறுபடி வெள்ளமும் மண்சரிவும் வந்தன. மறுபடி உயிர்கள் போயின. ஒரு வருசம் முன்னே கழுவிக் காயவைத்த காயில்களை மறுபடி கழுவ வேண்டி வந்தது. மலிவான டூ ஸ்ட்ரோக் வகை சில நூறு வெள்ளிக்குப் புதுசாகவே கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று அந்த மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "கடை தொறக்க நாலு நாளாவும் தம்பி. பூவுக்கு இன்னிக்கு ராத்திரியே லைட்டு வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தைக் கழற்றினார்.