பொறியின் பழுதும் நெறியின் பழுதும்

சந்தை என்பது சொல்லை நம்பி நடக்கும் இடம். விற்பவன் “தந்தேன்” என்பதும் வாங்குபவன் “கொண்டேன்” என்பதும் ஒருமுறை பொருந்திவிட்டால், பின்னர் விலை ஏறினும் இறங்கினும் அச்சொல் மாறுதல் கூடாது. அந்தச் சொல்லைக் காக்கும் பொறுப்பு இக்காலத்தில் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கணினி நின்றுவிட்டால் சொல் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர்க்கு டோக்கியோ பங்குச் சந்தையின் அண்மைக்கால வரலாறு நல்லதொரு பாடமாக அமைந்துள்ளது.

வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகப் பங்கு வாங்கும் ஒருவர் தரும் கட்டளை மூன்று இடங்களைக் கடந்து செல்கிறது. முதலாவது, அவருடைய சொந்தக் கருவியும் இணைப்பும். இரண்டாவது, தரகு நிறுவனத்தின் கணினி. மூன்றாவது, பங்குச் சந்தையின் கணினி. திரை அசையாமல் நின்றுவிடும்போது, இம்மூன்றனுள் எது பழுதுற்றது என்பதே முதற்கண் அறியத்தக்கது. அதனினும் இன்றியமையாத வினா ஒன்று உண்டு. கொடுத்த கட்டளை இப்போது எங்கே நிற்கிறது? அது சென்று சேர்ந்ததா, சேரவில்லையா, நிறைவேறிவிட்டதா? இதனை அறியாமல் மீண்டும் ஒருமுறை விசையைத் தட்டுவோர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி இடர்ப்படுதல் கூடும். தனிமனிதர்க்கு எழும் இதே வினா ஒரு நாட்டின் சந்தை முழுமைக்கும் எழுந்தபோது நிகழ்ந்தவை கீழே காட்டப்பெறும்.

கொடியிலிருந்து கணினிக்கு

விலைச் செய்தியை விரைந்து அனுப்பும் கலை ஜப்பானியர்க்குப் புதியதன்று. ஓசாக்கா நகரின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730ஆம் ஆண்டில் ஷோகன் அரசு இசைவளித்தது. அங்கு முடிவான விலையைக் குன்றுகளில் நின்ற ஆட்கள் கொடியசைத்து அடுத்தடுத்த ஊர்களுக்கு அறிவித்த காலமும் உண்டு. டோக்கியோ பங்குச் சந்தை 1878இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி வணிகம் தடைப்பட்டு, 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் புத்துருவில் மீண்டும் தொடங்கியது. காபுதோச்சோ என்னும் பகுதியில் உள்ள அதன் கூடத்தில் தரகர்கள் கைச்சைகையால் பேரம் பேசினர். 1982இல் கணினி அங்கு நுழைந்தது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கூடமே மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தரகுக் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாடு முற்றும் நீங்கவே, இணைய வழி வணிகம் பொதுமக்களிடையே விரைந்து பரவியது.

மக்கள் பெருகினர், கட்டளைகள் பெருகின. ஆனால் பொறி அதற்கேற்ப வளரவில்லை. 2005 நவம்பர் 1ஆம் நாள் மென்பொருட் பழுதினால் காலை முழுதும் வணிகம் நடைபெறாமல், பிற்பகல் 1.30 மணிக்கே சந்தை திறந்தது. அடுத்த மாதம் நிகழ்ந்ததோ இதனினும் பெரிது.

இடம் மாறிய இரண்டு எண்கள்

2005 டிசம்பர் 8ஆம் நாள் ஜே-காம் என்னும் நிறுவனத்தின் பங்குகள் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தன. மிசுஹோ பங்குத் தரகு நிறுவனத்தின் அலுவலர் ஒருவர், வாடிக்கையாளருக்காக 1 பங்கை 610,000 யென்னுக்கு விற்க வேண்டியவர், 610,000 பங்குகளை 1 யென்னுக்கு விற்பதாகக் கட்டளை இட்டுவிட்டார். அந்நிறுவனம் வெளியிட்டிருந்த பங்குகளோ மொத்தம் 14,500 மட்டுமே. உலகில் உள்ளவற்றைப் போல் 42 மடங்கு பங்குகள் விற்பனைக்கு வந்தன! திரையில் எச்சரிக்கை தோன்றியும் அது பொருட்படுத்தப்படவில்லை.

ஒரு நாளில் விலை இறங்கத்தக்க எல்லை ஒன்று உண்டு. ஆகலின் சந்தையின் கணினி 1 யென் என்பதை அன்றைய கீழ் எல்லையாகிய 572,000 யென் எனக் கொண்டு விற்பனையை நடத்தத் தலைப்பட்டது. பிழையை இரண்டொரு நிமிடங்களில் உணர்ந்த தரகு நிறுவனம், கட்டளையை நீக்குமாறு மீண்டும் மீண்டும் செய்தி அனுப்பியது. ஆனால் சந்தையின் மென்பொருளில் மறைந்திருந்த குறையொன்றினால், இத்தகைய நிலையில் வரும் நீக்கக் கட்டளையைக் கணினி ஏற்கவில்லை. தொலைபேசியில் வேண்டியும் பயன் விளையவில்லை. இறுதியில் தரகு நிறுவனம் தன் பங்குகளைத் தானே வாங்கத் தொடங்கியது. அவ்வாறு வாங்கியும் 96,000க்கு மேற்பட்ட பங்குகள் பிறர் கைக்குச் சென்றன. இல்லாத பங்கை எவ்வாறு கொடுப்பது? பங்கு ஒன்றுக்கு 912,000 யென் வீதம் பணமாகவே கொடுத்துக் கணக்குத் தீர்க்க நேர்ந்தது. இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி யென். சந்தையின் தலைவர் தக்குவோ சுருஷிமா அம்மாதமே பதவி விலகுவதாக அறிவித்தார்.

வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2009இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், சந்தை நிறுவனம் ஏறத்தாழ 1,070 கோடி யென் ஈடு செய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2015இல் அது நிலைபெற்றது. இத்தீர்ப்பில் ஆழ்ந்து நோக்கத்தக்க பகுப்பு ஒன்று உண்டு. மென்பொருளில் குறை இருந்தது என்பதைக் கொண்டே சந்தை நிறுவனம் பெருங்கவனக்குறைவு உடையது என நீதிமன்றம் கொள்ளவில்லை. வெளியிட்ட பங்குகளை விஞ்சி விற்பனை நடப்பது கண்கூடாகத் தெரிந்தபின்னும் வணிகத்தை நிறுத்தாமல் இருந்ததே பெருங்குற்றம் எனக் கண்டது. பொறி பழுதுபடுதல் இயல்பு. கண்டும் கையைக் கட்டிக்கொண்டிருத்தல் மனிதரின் குற்றம் என்பதே இப்பகுப்பின் கருத்து.

காவல் இருந்தும் காவாத நாள்

2010 ஜனவரியில் ‘ஆரோஹெட்’ என்னும் புதிய கணினி முறையைச் சந்தை ஏற்றுக்கொண்டது. ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டு, அதில் சில கூறுகளுக்குள் கட்டளைக்கு மறுமொழி தரவல்லது அது. ஒரு கருவி பழுதுற்றால் அதன் இணைக்கருவி தானே பொறுப்பேற்கும் வண்ணம், இன்றியமையாத கருவிகள் இரட்டையாக அமைக்கப்பெற்றிருந்தன.

2020 அக்டோபர் 1ஆம் நாள் காலை 7 மணி 4 நிமிட அளவில், வட்டுக் கருவி ஒன்றின் நினைவகம் பழுதுற்றது. இணைக்கருவி உடனே பொறுப்பேற்றிருத்தல் வேண்டும், ஏற்கவில்லை. காரணம் வியப்பானது. அக்கருவியில் ‘இயங்கு’, ‘இயங்காதே’ என இரு நிலை கொண்ட அமைவு ஒன்று உண்டு. பழைய பதிப்பில் ‘இயங்காதே’ என்று வைத்திருந்தாலும் கருவி மாறிக்கொள்ளும். புதிய பதிப்பில் அவ்வியல்பு மாற்றப்பட்டது. ஆனால் கருவியோடு வந்த கையேடு திருத்தப்படவில்லை. கையேட்டை நம்பியோர் பழைய நிலையிலேயே விட்டுவிட்டனர். பழுது நேரும்வரை அப்பிழையை எவரும் கண்டிலர்.

காலை 8 மணி முதலே தரகர்களின் கட்டளைகள் வந்துகொண்டிருந்தன. வழக்கமான முறையில் வணிகத்தை நிறுத்தவும் இயலவில்லை. ஆகவே 9 மணிக்குச் சில நிமிடங்களுக்கு முன், தரகர்களோடுள்ள இணைப்பையே துண்டித்தனர். 3,700க்கும் மேற்பட்ட பங்குகளின் வணிகம் நின்றது. அதே கணினி முறையைப் பயன்படுத்திய நகோயா, ஃபுக்குவோக்கா, சப்போரோ சந்தைகளும் நின்றன.

கருவியைச் சீர் செய்து பிற்பகலில் திறந்திருக்கலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். ஈண்டுதான் முன்னர்க் கூறிய வினா எழுகின்றது: வந்து சேர்ந்த கட்டளைகள் எங்கே நிற்கின்றன? கணினியை மீளத் தொடங்கினால் அவை யாவும் அழியும். ஒவ்வொரு தரகரும் தம் வாடிக்கையாளர்க்கு அதனைக் கூறி, மீண்டும் கட்டளை பெறவேண்டும். சிலர் ஆயத்தமாகவும் சிலர் ஆயத்தமின்றியும் இருப்பர். தேர்வுக் கூடத்தில் பாதி மாணவர்க்கு மட்டும் வினாத்தாள் வழங்கிய நிலையில் மணியடிப்பதைப் போன்றது அது. இத்தகைய வேளையில் இன்னது செய்க என முன்கூட்டியே உடன்பட்ட விதி இல்லை. ஆகவே நாள் முழுதும் வணிகம் நிறுத்தப்பட்டது. 1999இல் வணிகம் முற்றிலும் கணினிக்கு மாறிய பின்னர் அவ்வாறு ஒரு முழு நாள் நின்றது அதுவே முதன்முறை.

அன்று மாலை சந்தையின் தலைவர் கொய்ச்சிரோ மியஹாராவும் கணினித் துறைத் தலைவர் ரியூசுக்கே யோக்கோயாமாவும் செய்தியாளரைச் சந்தித்தனர். பழுதின் இயல்பை யோக்கோயாமா படிப்படியாக விளக்கியமை பலராலும் பாராட்டப்பெற்றது. கருவியை அளித்தது ஃபுஜிட்சு நிறுவனமாயினும், சந்தையை நடத்துவோர் என்ற முறையில் பொறுப்புத் தம்முடையதே என்றும், இழப்பீடு கேட்கும் எண்ணம் இல்லை என்றும் அவர்கள் கூறினர். மறுநாள் காலை வணிகம் வழக்கம்போல் நடந்தது. நவம்பர் 30ஆம் நாள் அரசின் நிதிச்சேவை முகவை சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. மியஹாரா பதவி விலகினார்.

விதி வகுத்த விதம்

இதன்பின் தரகர்கள், முதலீட்டாளர், கணினி வல்லுநர் ஆகியோரைக் கூட்டிய ஆய்வுக்குழு 2021 மார்ச்சில் தன் அறிக்கையைத் தந்தது. வணிகத்தை மீளத் தொடங்குவதற்கு வேண்டிய நிலைகள் யாவை, ஏற்ற கட்டளைகளை என் செய்வது, செய்தியை எவ்வாறு அறிவிப்பது என்பன வரையறுக்கப்பட்டன. 2024 நவம்பர் 5ஆம் நாள் புதுப்பித்த கணினி முறை நடைமுறைக்கு வந்தபோது, வணிகம் முடியும் நேரமும் 3 மணியிலிருந்து 3.30 மணிக்கு நீட்டிக்கப்பட்டது. பழுது நேர்ந்தால் அந்நாளிலேயே சந்தையை மீளத் திறக்க வாய்ப்பு மிகுதியாக வேண்டும் என்பதும் அந்நீட்டிப்பின் நோக்கங்களுள் ஒன்று.

இத்தகைய நிகழ்ச்சி டோக்கியோவுக்கு மட்டும் உரியதன்று. மலேசியப் பங்குச் சந்தை 2008 ஜூலை 3ஆம் நாள் கணினிப் பழுதினால் முழுநாளும் நின்றது. சிங்கப்பூரில் 2016 ஜூலை 14ஆம் நாள் முற்பகல் 11.38 மணிக்கு நின்ற வணிகம் அன்று மீளவேயில்லை. அங்கும் வட்டுப் பழுது ஒன்று, முடிந்த வணிகத்துக்கான உறுதிச் செய்திகளை இரட்டிப்பாக அனுப்பிவிட்டது. எது மெய்யான செய்தி, எது இரட்டை என்று தரகர்கள் கணக்கை ஒத்துப் பார்க்கவே நேரம் வேண்டியிருந்தது. ஊர் வேறாயினும் வினா ஒன்றே.

பொறி என்றேனும் பழுதுபடும். அது குறித்து நாணுவதற்கு ஒன்றுமில்லை. மாறிய இயல்பைக் கையேட்டில் எழுதாமை, இணைக்கருவி உண்டு என்ற எண்ணத்தால் அதனைச் சோதியாமை, நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்தத் துணியாமை ஆகிய இவையே நாணத்தக்கன. 2005இல் ஒருவர் தட்டிய பிழையை எவரும் தடுத்திலர்; 2020இல் சிறு பழுதொன்று பெருஞ்சந்தையை நிறுத்தியபோதும், இடர் இன்னது, பொறுப்பு எம்முடையது என்று அன்று மாலையே சொல்ல ஆட்கள் இருந்தனர். அந்நாளில் சந்தைக்கு வந்த கட்டளைகள் நிறைவேறவில்லை. ஆயினும் மறுநாள் காலை மக்கள் அதே சந்தைக்குத் தம் கட்டளைகளை மீண்டும் அனுப்பினர்.