ஆவூர் மறைப்பணித்தளம்

ஆவூர் மறைப்பணித்தளம் என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவூர் என்னும் சிற்றூரை நடுவமாகக் கொண்டு இயங்கிய கத்தோலிக்க மறைப்பணி மையம் ஆகும். இயேசு சபையினரின் மதுரை மறைப்பணித்தளத்தின் முக்கிய நிலையங்களுள் இதுவும் ஒன்று. பிரான்சு நாட்டைச் சேர்ந்த யோவான் வெனான்சியுசு புசே அடிகளார் 1697ஆம் ஆண்டு இங்கு முதற் கோவிலை எழுப்பினார். இவர் உள்ளூர் மக்களால் பெரிய சஞ்சீவிநாதர் என அழைக்கப்பட்டார். பெரியநாயகி அன்னையின் பெயரால் விளங்கும் புதிய கோவில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் என்று அறியப்படும் கொன்சுதாந்தினோ பெசுகி அடிகளாரும் இங்குப் பணியாற்றியுள்ளார்.

தமிழகத்தில் நற்செய்தி அறிவிப்பும் சபை வளர்ச்சியும் எவ்வாறு திட்டமிடப்பட்டன என்பதையும், அத்திட்டங்கள் எந்தச் சிக்கல்களில் சென்று முட்டின என்பதையும் அறிவதற்கு ஆவூரின் வரலாறு உதவுகிறது.

பின்னணி

மதுரையில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொன்சாலோ பெர்னாண்டசு அடிகளார் ஒரு நிலையத்தை நடத்தி வந்தார். அது பெரும்பாலும் கடற்கரையிலிருந்து வந்து சென்ற பரவர் கிறித்தவர்களுக்கான நிலையமாகவே இருந்தது. புதிதாக மதம் மாறியோர் மிகக் குறைவு. கிறித்தவராவது என்றால் போர்த்துக்கேயரின் பழக்கவழக்கங்களை ஏற்பதே என்று மக்கள் கருதியது இதற்கு ஒரு காரணமாகும்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி (தத்துவ போதகர்) இந்நிலையை மாற்ற முயன்றார். காவி உடை, மரக்கறி உணவு, தமிழ், வடமொழிப் புலமை ஆகியவற்றுடன் துறவியாக வாழ்ந்து உயர்சாதியினரிடையே பணியாற்றினார். இம்முறை குறித்து எழுந்த வழக்கில், திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623ஆம் ஆண்டு சனவரி 31 அன்று வெளியிட்ட ஆணை நோபிலிக்குச் சாதகமாக அமைந்தது.

எனினும் பிராமணத் துறவியாக வாழ்ந்த குருவால் தாழ்த்தப்பட்ட மக்களுடன் வெளிப்படையாகப் பழக இயலவில்லை. இக்குறையை நீக்க 1640இல் பண்டாரசாமி என்னும் இரண்டாவது வகைப் பணியாளர் முறை தொடங்கப்பட்டது. பல்தசார் தா கோசுதா இதன் முன்னோடி ஆவார். பண்டாரசாமிகள் பல சாதியினரிடையேயும் பணியாற்ற முடிந்ததால், மறைப்பணித்தளத்தின் வளர்ச்சி பெரும்பாலும் இவர்கள் வழியாகவே நிகழ்ந்தது. 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் (சான் தெ பிரிட்டோ) இம்முறையைப் பின்பற்றியவர்.

அமைவிடமும் தேர்வும்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சிராப்பள்ளி மதுரை நாயக்கர்களின் தலைநகராக இருந்தது. இராணி மங்கம்மாள் (1689–1706) அங்கிருந்து ஆட்சி செய்தார். தெற்கே புதுக்கோட்டைப் பகுதியில் இரகுநாதராயத் தொண்டைமானின் (1686–1730) அதிகாரம் வளர்ந்து வந்தது. ஆவூர் தலைநகருக்கு ஒரு நாள் நடைதூரத்திற்குள், ஆனால் அதற்கு வெளியே அமைந்திருந்தது. தலைநகரில் உள்ள அதிகாரிகளை அணுகவும், சிற்றூர்களுக்குச் சென்றுவரவும் இவ்விடம் ஏற்றதாக இருந்தது.

ஆட்சியாளரின் இசைவு எக்காலத்தும் உறுதியானதாக இருக்கவில்லை. மங்கம்மாள் ஆட்சியில் மறைப்பணியாளர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. அதே காலத்தில் தஞ்சாவூர் மராத்திய அரசில் 1701இல் கிறித்தவர்கள் கடும் துன்புறுத்தலுக்கு உள்ளாயினர். எனவே ஒரே அரசின் எல்லைக்குள் எல்லா நிலையங்களையும் அமைக்காதிருப்பது மறைப்பணித்தளத்திற்குப் பயனளித்தது.

பணித் திட்டம்

மதுரை மறைப்பணித்தளத்தில் குருக்களின் எண்ணிக்கை எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தது. ஒரு குரு பல நாள் நடைதூரம் பரந்த பகுதியைக் கவனிக்க வேண்டியிருந்தது. இதனால் பணித் திட்டம் பின்வரும் கூறுகளைச் சார்ந்திருந்தது.

வேதியர்: உபதேசியார் எனவும் அழைக்கப்பட்ட இவர்கள் உள்ளூர்ப் பொதுநிலையினர். புதியவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தல், செபங்களை நடத்துதல், இறக்கும் நிலையில் உள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தல், பிணக்குகளைத் தீர்த்தல், ஊர் நிலையைக் குருவுக்கு அறிவித்தல் ஆகியன இவர்களது கடமைகள். துன்புறுத்தல் வந்தபோது முதலில் பிடிபட்டவர்களும் பெரும்பாலும் இவர்களே. வீரமாமுனிவர் இவர்களுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார்.

திருமுழுக்குக்கு முந்திய பயிற்சி: விரும்பி வந்தோர் உடனடியாகச் சேர்க்கப்படவில்லை. செபங்களையும் மறையுண்மைகளையும் கற்றபின், குருவின் ஆய்வுக்குப் பிறகே திருமுழுக்குப் பெற்றனர்.

சுற்றுப்பயணமும் திருவிழாவும்: குரு ஊர்களைச் சுற்றிவந்து திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார். பெருவிழாக்களின்போது சுற்றுவட்டார மக்கள் நடுவக் கோவிலில் கூடினர். சிதறி வாழ்ந்த சிறு குழுக்கள் தம்மை ஒரே சபையாக உணர்வதற்கு இக்கூடுகைகளே வழிசெய்தன.

ஆண்டு மடல்கள்: ஒவ்வோர் ஆண்டும் திருமுழுக்குகள், இடர்ப்பாடுகள், புதிய நிலையங்கள் முதலிய விவரங்கள் ஐரோப்பாவிலுள்ள மேலிடத்திற்கு எழுதி அனுப்பப்பட்டன. ஆதரவும் ஆட்களும் பெறுவதற்காகவும் எழுதப்பட்டவை என்பதால் இவற்றில் வெற்றிகள் கூடுதலாக இடம்பெற்றன. ஆயினும் அக்காலத் தமிழகச் சமூக வரலாற்றுக்கு இவை முதன்மைச் சான்றுகளாகும்.

சாதிச் சிக்கல்

சாதி வழக்கங்களை ஏற்றுக்கொண்டதே இத்திட்டத்தின் வலிமையும் அதன் பெருங்குறையும் ஆகும். உறவினரையும் ஊரையும் இழக்காமல் ஒருவர் கிறித்தவராக முடிந்தது. அதே வேளையில், தாழ்த்தப்பட்டோர் திருமுழுக்குப் பெற்ற பின்னரும் சபைக்குள் விலக்கி வைக்கப்பட்டனர். நோயுற்ற பறையர் கிறித்தவர்களின் வீடுகளுக்குள் சென்று திருவருட்சாதனம் வழங்கக் குருக்கள் தயங்கினர்.

திருத்தந்தையின் தூதர் மயார் தெ தூர்னோன் 1703இல் புதுச்சேரிக்கு வந்து இவ்வழக்கங்களை ஆராய்ந்தார். அவர் கருத்துக் கேட்ட இருவருள், ஆவூர்க் கோவிலை நிறுவிய புசே அடிகளாரும் ஒருவர். அப்போது அவர் கர்நாடக மறைப்பணித்தளத்தின் தலைவராக இருந்தார். மற்றவர் மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த பெர்த்தோல்தி ஆவார். 1704இல் தூர்னோன் வெளியிட்ட ஆணை பல வழக்கங்களைத் தடைசெய்தது. நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குச் செல்ல மறுக்கக் கூடாது என்பதும் அதில் அடங்கும். அவ்வாணையை அப்படியே நடைமுறைப்படுத்தினால் சபை சிதைந்துவிடும் என்று கருதிய இயேசு சபையினர், புசேயையும் பிரான்சிசு லாய்னசையும் உரோமைக்கு அனுப்பி முறையிட்டனர்.

நாற்பது ஆண்டுகள் நீடித்த இவ்வழக்கு, 14ஆம் பெனடிக்ட் 1744இல் வெளியிட்ட ஆணையுடன் முடிவுற்றது. தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனி மறைப்பணியாளர்களை அமர்த்தும் ஏற்பாடு அதில் ஏற்கப்பட்டது. நோயுற்றோருக்குத் திருவருட்சாதனம் கிடைக்க இது வழிசெய்தது. ஆனால் பிரிவினையை நீக்காமல் அதற்கேற்பப் பணியாளரைப் பிரித்தது.

தொய்வும் மீட்சியும்

போர்த்துக்கேய அரசு 1759 முதல் இயேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியதால் புதிய குருக்கள் வருவது நின்றது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமென்ட் அச்சபையையே கலைத்தார். கர்நாடகப் போர்களும் இக்காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தைப் பாதித்தன. கோவாவிலிருந்து வந்த குருக்கள் சில நிலையங்களைக் கவனித்தனர். குரு இல்லாத ஊர்களில் வேதியர்களும் குடும்பங்களுமே செபங்களையும் விழாக்களையும் தொடர்ந்து காத்தனர்.

1814இல் இயேசு சபை மீண்டும் நிறுவப்பட்டது. பிரெஞ்சு இயேசு சபையினர் 1830களின் இறுதியில் மதுரை மறைப்பணித்தளத்தைப் புதுப்பித்தனர். இதன் முதல் தலைவரான யோசேப்பு பெர்த்ரான் பழைய மடல்களைத் தொகுத்து வெளியிட்டார். கோவாக் குருக்களுக்கும் புதியவர்களுக்கும் இடையே ஆட்சி எல்லை குறித்த பூசல் நெடுங்காலம் நீடித்தது. 1886இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் அலெக்சிசு கானோசு ஆவார்.

தற்காலத் திட்டமிடல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று மறைப்பணி பற்றிய ஏட்டையும் சமய உரிமை பற்றிய ஏட்டையும் ஒரே நாளில் வெளியிட்டது. எவரையும் வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ சேர்க்கக் கூடாது என்பது இதன்பின் திருச்சபையின் வெளிப்படையான நிலைப்பாடாயிற்று. மறைமாவட்டப் பணிக்குழுக்கள், பங்குப் பேரவை, அன்பியம் ஆகியவை இன்று திட்டமிடலின் நிலைகளாக உள்ளன. அண்டை வீட்டுக் குடும்பங்களைக் கொண்ட அன்பியம், புதியவர்களைச் சேர்ப்பதைவிட ஏற்கெனவே உள்ளவர்களின் பங்கேற்பை வளர்ப்பதையே முதன்மையாகக் கொண்டது.

சட்டச் சூழலும் மாறியுள்ளது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது. அவ்வுரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தை நீக்கும் அவசரச் சட்டம் 2004இல் பிறப்பிக்கப்பட்டது.

எண்ணிக்கையின் வரம்பு

2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 16.18 லட்சம். இதில் கிறித்தவர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. மாநில அளவில் இது 6.12 விழுக்காடு. இத்தகைய எண்கள் வழிபடுவோரின் எண்ணிக்கையை முழுமையாகக் காட்டுவதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி கிறித்தவர்களுக்குக் கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் இத்தகுதி விரிவாக்கப்பட்டது. இதனால் தலித் கிறித்தவர் சிலர் அரசு ஆவணங்களில் இந்து என்றே பதிவு செய்துகொள்கின்றனர். இக்கோரிக்கையை ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் சபைக்குள் விலக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள், கிறித்தவராகப் பதிவு செய்தால் சலுகையை இழக்கும் நிலையில் உள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது.

விழாக்கள்

ஆவூரில் கோடைக் காலத்தில் பாஸ்கா நாடகமும் தேர்த் திருவிழாவும் நடைபெறுகின்றன. இவற்றில் கிறித்தவர்களுடன் இந்துக்களும் இசுலாமியரும் கலந்துகொள்கின்றனர்.