மனநலக் கொள்கையில் நோயாளிகளும் குடும்பத்தினரும் (இந்தியா)

மனநலச் சட்டங்களையும் திட்டங்களையும் வகுக்கும்போதும், அவை நடைமுறையாவதைக் கண்காணிக்கும்போதும், மனநோயோடு வாழ்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் பங்கு அளிக்கும் முறை. இந்தியாவில் இதற்குச் சட்டபூர்வமான இடம் கொடுத்தது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களை நோயாளிகளுடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டார் உடன் தங்கும் முறை நிலைபெற்றது. ஆனால் வார்டில் கிடைத்த இடம் சட்டம் எழுதும் மேசையில் கிடைக்கவில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் யாரை எப்படி உள்ளே சேர்ப்பது, எப்போது வெளியே விடுவது என்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்தின.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடி தர்காவை நம்பி நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தினர். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். ஊருக்கு அருகில் மனநல மருத்துவமும் இல்லை, கைகொடுக்க ஆளும் இல்லை. என்றாலும் சங்கிலியில் இருந்தவரின் குரலும் கொண்டுவந்தவரின் குரலும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. தங்களைப் பற்றிய சட்டங்களை உருவாக்குவதில் மாற்றுத்திறனாளிகளுடன் நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அதன் 4ஆவது பிரிவு விதிக்கும் கடமை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றியே தீரவேண்டிய நிலை அதனால் வந்தது. 2014 அக்டோபர் 10 அன்று தேசிய மனநலக் கொள்கை வெளியானது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டப்படி மத்திய, மாநில மனநல ஆணையங்கள் ஒவ்வொன்றிலும் மனநோயை அனுபவித்தவர்களின் சார்பில் இருவரும், பராமரிப்பாளர்கள் சார்பில் இருவரும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். நோயாளிகளின் முறையீடுகளை விசாரிக்கும் மறுஆய்வு வாரியத்தில் நிலைமை வேறு. அதன் ஆறு உறுப்பினர்களில் இரு இடங்களுக்கு நோயாளி, பராமரிப்பாளர், தொண்டு நிறுவனத்தார் என யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். நோயாளி ஒருவர்கூட இல்லாமல் வாரியம் அமைந்தாலும் சட்டப்படி அது செல்லும். சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

இடம் கொடுத்தால் மட்டும் போதாது. இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாதவரைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த வரைவை அங்கேயே கையில் கொடுத்தால் அவர் தலையாட்டுவதைத் தவிர என்ன செய்வார்? தாய் வர வேண்டுமென்றால் ஒருநாள் கூலி போகும். வீட்டில் மகனைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பயணப்படி, தமிழில் முன்கூட்டியே வரைவு, பிற்பகல் நேரம் ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டால் பேச்சே மாறிவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்கும் இடத்தில், கைநடுக்கத்தையும் தூக்கத்தில் தலையணை நனைய வடியும் எச்சிலையும் நோயாளி சொல்வார். "என் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று தாய் கேட்பார். நீண்டகாலத் தங்குமிடங்களுக்கான திட்டம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரு தரப்பும் மோதும் இடங்களும் உண்டு. நோயாளி தமக்கான சிகிச்சையை முன்கூட்டியே எழுதிவைக்கலாம்; தமக்காக முடிவெடுக்கத் துணைநிற்கும் பிரதிநிதியையும் அவரே நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதி உறவினராக இருக்க வேண்டியதில்லை. பொறுப்பு முழுவதும் தங்கள் தலையில் இருக்க, அதிகாரம் வேறு கைக்குப் போகிறதே என்பது குடும்ப அமைப்புகள் சிலவற்றின் ஆதங்கம். நோயாளி அமைப்புகள் பலவோ இச்சட்டத்தின் 89ஆவது பிரிவை எதிர்க்கின்றன. பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், நோயாளியின் சம்மதமின்றியே 30 நாள் வரை அனுமதிக்க அது இடம்தருகிறது. நோயாளிகள் தாமே நடத்தும் அமைப்பையும் அவர்களுக்காகப் பிறர் நடத்தும் அமைப்பையும் வேறுபடுத்தி, முன்னதற்கே முன்னுரிமை தரச் சொல்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட விளக்கம். மறுஆய்வு வாரிய நியமன விதி இன்னும் அப்படித் திருத்தப்பட வேண்டியிருக்கிறது.