முதியோர் பொருளும் தேசவழமையும்



யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் உறுதிப் பெட்டிக்கென ஓர் இடம் இருந்தது. சீதன உறுதி, அறுதி உறுதி, ஒற்றி உறுதி என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பத்திரங்கள் சீலையிற் சுற்றப்பட்டு அதனுள் கிடக்கும். பெட்டியின் திறப்பு வீட்டிலுள்ள மூத்தவரின் கையில் இருக்கும். நடை தளர்ந்து, கண் மங்கி, வயல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் உதவாத காலத்திலும் அந்தத் திறப்பு அவர் கையில் இருந்த வரையில், அவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருந்தது. திறப்பு கை மாறிய பின் அவர் நிலை என்னவாயிற்று என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதுமையில் ஒருவரை அவர் பொருள் காக்க வேண்டுமா, அன்றி அவர் பிள்ளைகள் காக்க வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்பதே நம் முன்னோர் கண்ட விடை. அந்த விடையை எழுத்திலே காட்டும் நூல் தேசவழமை.

1619 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்கு உட்படுத்தினர். 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. வழக்கு மன்றங்களில் அமர்ந்த ஒல்லாந்த அதிகாரிகளுக்கு ஒரு பெருஞ் சங்கடம் இருந்தது. இந்நாட்டு மக்களின் சொத்து வழக்குகளை எந்த விதிகொண்டு தீர்ப்பது? ஊர்ப் பெரியோர் வாய்மொழியாகக் கூறும் வழமை ஒன்றே அவர்களுக்குத் துணையாக இருந்தது. ஆகவே தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சைமன்ஸ் என்பவர், அவ் வழமைகளைத் தொகுத்துத் தருமாறு யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைப் பணித்தார். ஐசாக்ஸ் இப்பகுதியிலே நெடுங்காலம் வாழ்ந்து, மக்களின் வழக்கங்களை அருகிருந்து கண்டவர். அவர் தொகுத்த நூல் தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் படித்து, இது தம் நாட்டு வழமையே என ஒப்புக்கொண்டனர். 1706, 1707 ஆகிய ஆண்டுகளில் நடந்தேறிய இப்பணியின் பயனே இன்று நாம் தேசவழமை என வழங்கும் சட்டம். பின்னர் வந்த ஆங்கிலேயரும் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர்.

இந்நூல் சொத்தை மூவகையாகப் பகுக்கின்றது. கணவன் தன் முன்னோர் வழியாகக் கொண்டு வந்தது முதுசம். மனைவி கொண்டு வந்தது சீதனம். இருவரும் இல்லறத்திலிருந்து ஈட்டியது தேடியதேட்டம். முற்காலத்திலே முதுசம் ஆண்மக்களுக்கும், சீதனம் பெண்மக்களுக்கும், தேடியதேட்டம் இருபாலார்க்கும் சென்றன. இவ்வளவும் பலர் அறிந்தவையே. முதியோரைப் பற்றி அந்நூல் கூறுவனவே நாம் ஊன்றி நோக்கத்தக்கவை.

பெற்றோர் உயிருடன் இருக்கும் வரையில் ஆண்மக்கள் அவர்தம் சொத்திலே எதனையும் உரிமையாகக் கேட்டல் ஆகாது. அதுமட்டுமன்று, மணமாகுமுன் மகன் உழைத்துத் தேடியதையும் குடும்பப் பொதுச் சொத்திலே சேர்த்துவிடல் வேண்டும். அவன் மேனியில் அணிந்த பொன், வெள்ளி நகைகளுக்கே விலக்கு உண்டு. தந்தை இறந்து பிள்ளைகள் சிறுவராயின், அவர்களை வளர்த்து மணமுடித்து வைக்கும் பொறுப்பை ஏற்கும் தாயிடமே சொத்து முழுவதும் தங்கும். பெற்றோர் விட்டுச் சென்ற கடனை ஆண்மக்கள் தீர்க்கக் கடமைப்பட்டவர்கள். அப்போது கையிலே பொருள் இல்லையென்றாலும் அப்பொறுப்பு அவர்களை விட்டு நீங்காது.

கொடுப்பதற்கும் அவ் வழமை ஓர் எல்லை வகுத்தது. கணவன் தன் முதுசத்திலே பத்திலொரு பங்கை மட்டுமே மனைவி மக்களின் இசைவின்றிப் பிறர்க்குக் கொடுக்கலாம். அதற்கு மேற் கொடுப்பதானால் குடும்பத்தார் சம்மதம் வேண்டும். ஒரு பொழுதின் மனவெழுச்சியாலோ, பிறர் முகத்துக்கு அஞ்சியோ முதியவர் தம் கையை வெறுங்கையாக்கிக்கொள்ள இயலாதபடி இது தடுத்தது. தனக்கு மிஞ்சித் தானம் என்னும் பழமொழியை நம்மவர் சட்டமாகவே வைத்திருந்தனர் எனலாம்.

ஆயினும் இவ்வேலியிலே ஒரு படலை திறந்தே இருந்தது. அதுதான் சீதனம். மகளுக்கு மணம் பேசும்போது பெற்றோர் தாம் வாழும்போதே வீட்டையும் வளவையும் எழுதிக் கொடுத்தனர். முன்பு தாயின் சீதனத்திலிருந்தே மகளுக்குச் சீதனம் சென்றது. போர்த்துக்கேயர் காலத்திலே இவ் வழக்கம் தளர்ந்து, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற வேறுபாடின்றி எதிலிருந்தும் பெற்றோர் விரும்பியபடி கொடுக்கலாம் என்றாயிற்று. இம்மாற்றத்தை ஐசாக்ஸ் தம் நூலிலேயே குறித்துள்ளார். மகள் வீடு தம் வீடே என்னும் நம்பிக்கையுடன் பெற்றோர் வெறுங்கையராயினர். மகளும் மருமகனும் அதே வளவிலே வாழ்ந்த காலத்தில் அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை. பொய்த்த இடங்களிலே என்ன நேர்ந்தது என்பதை வழக்கேடுகள் சொல்லும். முத்துகிருஷ்ணா என்னும் சட்டவறிஞர் தேசவழமையையும் அது பற்றிய மன்றத் தீர்ப்புகளையும் 1862 இல் ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டார். உறவினர்க்குள்ளே சொத்து எத்தனை பிணக்குகளை விளைத்தது என்பதற்கு அந்நூலே சான்று.

ஆங்கிலேயர் ஆட்சியிலே புதியதொரு கருவி வந்தது. அது மரணசாதனம். 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பியவர்க்கு, பிள்ளைகளை விலக்கியேனும், எழுதிவைக்க உரிமை தந்தது. அதற்கு முன் 1840 இல் வந்த 7 ஆம் இலக்கச் சட்டம் அதனை எழுதும் முறையை வகுத்தது. நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடல் வேண்டும்; நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் வேண்டும். பத்திலொரு பங்கு என்று வேலி கட்டிய சமுதாயத்தின் முதியவர் கையிலே முழு உரிமையும் வந்தது. முன்பு குடும்பத்தார் கூடி இசைவு தந்த இடத்திலே இப்போது நொத்தாரிசின் மேசை இருந்தது. உரிமை பெருகியபோது நல்ல ஆலோசனையின் தேவையும் பெருகியது என்பதை நாம் மறத்தலாகாது.

நன்கொடை உறுதிக்கும் மரணசாதனத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பலர் இன்றும் உணர்ந்தாரில்லை. நன்கொடை உறுதி ஒப்பமிட்டு ஏற்கப்பட்டதும் சொத்துக் கை மாறிவிடும். மரணசாதனமோ எழுதியவர் மறைந்த பின்னரே பயன் தரும். உயிருள்ளவரையும் அறிவு தெளிவாக உள்ளவரையும் அதனை அவர் மாற்றலாம், கிழித்தும் விடலாம். இவ்விரண்டுக்கும் நடுவே நம்மவர் கண்ட வழியொன்று உண்டு. அதுவே சீவிய உரித்து. வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது, தாம் சாகும்வரையும் அதில் வாழவும் அதன் பயனைத் துய்க்கவும் உள்ள உரிமையை உறுதியிலேயே நிறுத்திவைப்பது அது. ஒரு வரி எழுத்துத்தான். ஆனால் அந்த ஒரு வரி இல்லாமையால் தாம் கட்டிய வீட்டின் விறாந்தையிலே அந்நியராய் அமர்ந்த முதியோர் உளர்.

பெண்களின் நிலை மேலும் சிக்கலானது. யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், மனைவியின் சொத்து அவளுக்கே உரியது என்றது. ஆனால் காணி பூமியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாது போனாலோ, மாவட்ட நீதிமன்றத்தை அணுகி அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெற அதே சட்டம் வழி வைத்தது. 1947 இல் வந்த மற்றொரு சட்டம், பங்குக் காணியை விற்பவர் கூட்டுரிமையாளர்க்கும் உரித்தாளர்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்றது. இதனை அறியாது மருத்துவச் செலவுக்கென அவசரமாகக் காணி விற்கும் முதியவர் வழக்கிலே சிக்கக்கூடும்.

பின்னர் போர் வந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே பெயர்ந்து சென்றபோது எத்தனையோ உறுதிப் பெட்டிகள் கைவிடப்பட்டன. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பிற நாடுகளிலும் குடியேறினர். வீடும் முதியவரும் இங்கே. எழுதி வாங்க வேண்டியவர் அங்கே. இந்நிலையிலே அற்றோணித் தத்துவம் என்னும் பத்திரம் பெருவழக்காயிற்று. அதனைக் கொடுத்தவர் இறந்ததும் அதன் வலிமையும் இறந்துவிடும் என்பதைப் பலர் காலங்கடந்தே அறிந்தனர். உறுதி தொலைந்தோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. நொத்தாரிசு தாம் முடித்த உறுதியின் மறுபிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் சட்டம். அந்த ஏடு அழியாதிருப்பின், அங்கிருந்து அத்தாட்சிப் பிரதி பெறலாம்.

சட்டமும் முதியோரை முற்றாக மறந்துவிடவில்லை. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. வருவாய் குறைந்தோர்க்கு ஆலோசனை கூறவும், அவர்க்காக மன்றிலே தோன்றவும் அது ஏற்பட்டது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தல் ஆகாது என்றது; பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்க ஒரு சபையையும் நிறுவியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு முதலியார்கள் ஒப்புக்கொண்ட அறம், புதிய மொழியிலே மீண்டும் எழுதப்பட்டது எனலாம். 2017 இல் வந்த 5 ஆம் இலக்கச் சட்டமோ, மீளப்பெற முடியாதென எழுதிய நன்கொடையையும், பெற்றவரின் கொடிய நன்றிமறப்பை நிறுவினால், நீதிமன்றத்தின் மூலம் மீட்க வழி திறந்தது. அதற்கும் காலவரையறை உண்டு. மனம் நொந்து வாளாவிருந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

ஆனால் தாயொருத்தி தன் மகன் மீது வழக்குத் தொடுப்பது எளிதா? அயலவர் என்ன சொல்வர் என்னும் அச்சமே அவளை வாசலிலே நிறுத்திவிடும். வழக்கு வேண்டாத நிலையை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. உடலும் உள்ளமும் நலமாயிருக்கும் போதே உறுதிகளை எடுத்துப் பாருங்கள். எது முதுசம், எது சீதனம், எது தேடியதேட்டம் என்று தெளிந்துகொள்ளுங்கள். சொத்தைப் பெறுபவர் அழைத்து வரும் சட்டத்தரணியை நம்பியிராது, உங்கள் பொருட்டுப் பேசும் ஒருவரை நாடுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத சொல்லுக்கு விளக்கம் கேட்க வெட்கப்படாதீர்கள். வாசிக்க இயலாதவர்க்கு உறுதியை வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமையே அன்றிச் சலுகையன்று.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோரிடம் இதைப் பற்றிப் பேசுவது அவர் சாவை எதிர்பார்ப்பது ஆகாது. பேசாதிருந்து, பின்னர் உடன்பிறந்தார் மன்றிலே எதிரெதிரே நிற்பதே பெரும் பிழை. உறுதிப் பெட்டியைத் திறக்க அவர்களோடு கூட இருங்கள். ஆனால் திறப்பை அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.